கேள்வி நேரம்: ரியல் மாட்ரிட்டின் கூடைப்பந்து

கல்லூரி மாணவர், திருநெல்வேலி: அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில் ஆடும் லூகா டோன்சிச் ரியல் மாட்ரிட்டிலிருந்து வந்தவர் என்று படித்தேன். அது கால்பந்துக் கழகம் அல்லவா? அங்கே கூடைப்பந்து எப்படி வந்தது?

ஸ்பெயினின் பெரிய கழகங்கள் பலவும் ஒரே விளையாட்டோடு நின்றவை அல்ல. ரியல் மாட்ரிட் 1902இல் கால்பந்துக்காகத் தொடங்கப்பட்டது. ஆங்ஹெல் கப்ரேரா என்பவரின் முயற்சியால் 1931 மார்ச்சில் அங்கே கூடைப்பந்துப் பிரிவும் ஏற்பட்டது. கைப்பந்து, தடகளம், ரக்பி என்று வேறு பிரிவுகளும் வெவ்வேறு காலங்களில் இருந்திருக்கின்றன. அவையெல்லாம் ஒவ்வொன்றாக மூடப்பட்டுவிட, இன்று கால்பந்துக்குத் துணையாக எஞ்சியிருப்பது கூடைப்பந்து மட்டுமே.

டோன்சிச் ஸ்லோவேனியாவைச் சேர்ந்தவர். 2012இல், 13 வயதில், மாட்ரிட்டின் இளையோர் அணியில் சேர்ந்தார்; 2015 ஏப்ரலில், 16 வயதில், முதன்மை அணிக்காகக் களமிறங்கினார். 2018இல் அந்த அணி, ஐரோப்பியக் கழகங்களின் முதன்மைப் போட்டியான ஐரோப்பியக் கோப்பையை வென்றபோது அவ்வாண்டின் சிறந்த ஐரோப்பிய ஆட்டக்காரராகவும் தேர்வு பெற்று, அதன் பிறகே அமெரிக்கா சென்றார்.

ஆசிரியை, கும்பகோணம்: மற்ற பிரிவுகள் மறைந்திருக்க, கூடைப்பந்து மட்டும் நிலைத்ததற்குத் தனிக் காரணம் உண்டா?

உண்டு. அந்தக் காரணத்தின் பெயர் ரைமுந்தோ சபோர்த்தா. 1952இல் கழகம் தன் பொன்விழாவைக் கொண்டாடியபோது, அதையொட்டி ஒரு கூடைப்பந்துப் போட்டியை நடத்தித் தரும்படி தலைவர் சாந்தியாகோ பெர்னாபேயு கூடைப்பந்துச் சம்மேளனத்திடம் ஆள் கேட்டார். வந்தவர் அச்சம்மேளனத்தின் இளம் நிர்வாகியான சபோர்த்தா. அவர் வேலை செய்த விதம் பிடித்துப்போய், பெர்னாபேயு அவரைக் கழகத்துக்குள்ளேயே அழைத்துக்கொண்டார். மறு ஆண்டு கால்பந்து மேதை டி ஸ்டெஃபானோவை மாட்ரிட்டுக்குக் கொண்டுவந்த பேச்சுவார்த்தைகளிலும் முன்னின்றவர் இவரே. கால்பந்தின் பணப்பெட்டிச் சாவியைக் கையில் வைத்திருந்த அந்த நிர்வாகியின் மனமோ கூடைப்பந்தில் இருந்தது.

ஓர் அணி வளர வேண்டுமானால், அது ஆடுவதற்குத் தகுந்த போட்டிகள் வேண்டும் என்பதை அவர் மற்றவர்களுக்கு முன்பே உணர்ந்திருந்தார் என்பது என் எண்ணம். 1957இல் ஸ்பெயினின் தேசிய லீக் தொடங்கியதில் அவர் பங்கு பெரிது. முதல் பட்டத்தை மாட்ரிட்டே வென்றது. அடுத்த ஆண்டு ஐரோப்பியக் கோப்பை பிறந்தது. 1965 முதல் கிறிஸ்துமஸ் நாள்களில் அவர் நடத்திய அழைப்புப் போட்டி தொலைக்காட்சி வழியாக ஸ்பெயின் வீடுகளுக்குள் சென்று, கூடைப்பந்தை அறியாதவர்களையும் அதைப் பார்க்க வைத்தது. 1966இல் கழகத்தின் விளையாட்டு வளாகத்தில் தனி உள்ளரங்கமும் எழுந்தது.

ஐரோப்பியக் கோப்பை அவர்களுக்கு எளிதில் கிட்டவில்லை. அன்று ஸ்பெயினில் சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சி. சோவியத் நாட்டோடு தூதரக உறவே கிடையாது. 1958இல் அரையிறுதியை எட்டிய மாட்ரிட், எதிரணியான ரீகா ராணுவ அணியின் ஊர் சோவியத் எல்லைக்குள் இருந்ததால், அரசு அனுமதி தராமல் போட்டியிலிருந்தே விலக நேர்ந்தது. 1962இல் சோவியத் நாட்டின் திபிலிசி அணியோடு நடந்த இறுதி ஆட்டம் நடுநிலை ஊரான ஜெனீவாவுக்குப் போயிற்று. அதில் மாட்ரிட் 83-90 என்று தோற்றது. 1963இல் நிலைமை தளர்ந்து, மாஸ்கோவுக்கே சென்று சி.எஸ்.கே.ஏ. அணியோடு ஆடித் தோற்றார்கள். இரு நாட்டு அரசுகளும் முகம் பார்க்காத காலத்தில் இரு நாட்டு ஆட்டக்காரர்கள் ஒரே தளத்தில் ஓடினார்கள் என்பதை, கோப்பைகளின் எண்ணிக்கையைக் காட்டிலும் பெரிய செய்தியாக நான் கருதுகிறேன். முதல் கோப்பை 1964இல் வந்தது. எமிலியானோ ரோட்ரிகஸ், அமெரிக்காவிலிருந்து வந்து ஸ்பெயின் குடிமகனான கிளிஃபர்ட் லுய்க் ஆகியோர் ஆடிய அந்தத் தலைமுறை 1965, 1967, 1968 ஆகிய ஆண்டுகளிலும் வென்றது.

விளையாட்டு ஆர்வலர், ஈரோடு: தன் கூடையிலேயே பந்தைப் போட்டு ஓர் அணி வேண்டுமென்றே தோற்றதாகச் சொல்கிறார்களே, உண்மையா?

உண்மைதான், அது மாட்ரிட் அணியேதான். 1962 ஜனவரியில் இத்தாலியின் வரேசே நகரில் இக்னிஸ் அணியோடு ஐரோப்பியக் கோப்பை ஆட்டம் நடந்தது. ஓர் ஆட்டம் அங்கே, ஓர் ஆட்டம் மாட்ரிட்டில் என்று இரண்டு ஆட்டங்கள். இரண்டின் புள்ளிகளையும் கூட்டி வெற்றி முடிவாகும். சில நொடிகளே மீதமிருக்க 80-80 என்று சமநிலை. கூடுதல் நேரத்துக்குப் போனால், முக்கிய ஆட்டக்காரர்களை இழந்துவிட்ட தம் அணி அயலூரில் பெரிய வித்தியாசத்தில் தோற்கக்கூடும் என்று பயிற்சியாளர் பெட்ரோ ஃபெராந்திஸ் கணக்கிட்டார். 2 புள்ளியில் தோற்றுப்போனாலோ, அதைச் சொந்த ஊரில் ஈடுகட்டுவது எளிது. அவர் சொன்னபடி லொரென்சோ அலோசேன் பந்தைத் தம் அணியின் வளையத்திலேயே போட்டார். ஆட்டம் 82-80 என்று இத்தாலியர்களுக்குச் சென்றது. மாட்ரிட்டில் நடந்த மறு ஆட்டத்தில் 83-62 என்று வென்று, ஃபெராந்திஸ் தம் கணக்கை மெய்ப்பித்தார்.

விதிப்புத்தகத்தில் அன்று அதைத் தடுக்கும் வரி எதுவும் இல்லை. அதன்பின் உலகச் சம்மேளனம், வேண்டுமென்றே சொந்தக் கூடையில் போடுவதைத் தடை செய்தது. அதை ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை; இரண்டு ஆட்டங்களை ஒன்றாகக் கூட்டும் முறையை அன்று அவரைவிட நன்றாகப் புரிந்துகொண்டவர் இல்லை. அந்த மனிதர் பயிற்சியாளராக 12 லீக் பட்டங்களும் 4 ஐரோப்பியக் கோப்பைகளும் வென்றார்.

வாசகர், யாழ்ப்பாணம்: இவ்வளவு பெரிய அணி, இடையில் நெடுங்காலம் ஐரோப்பியக் கோப்பையை வெல்லாமல் இருந்தது ஏன்?

1980இல் வென்ற பின் 1995 வரையும், அதன் பின் 2015 வரையும் இரண்டு நீண்ட இடைவெளிகள். முதலாவது இடைவெளியில் யூகோஸ்லாவியா, இத்தாலி, இஸ்ரேல் அணிகள் வலுவாக எழுந்தன. உள்நாட்டிலேயே பார்சிலோனா மேலே வந்தது. ஆயினும் அக்காலத்தை வெறுமை என்று சொல்ல மாட்டேன். 1989இல் ஏதென்ஸில் நடந்த வேறோர் ஐரோப்பியக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில், இத்தாலியின் கசெர்த்தா அணிக்கு எதிராக மாட்ரிட்டின் டிராஜென் பெட்ரோவிச் தனியொருவராக 62 புள்ளிகள் எடுத்தார். கூடுதல் நேரம் வரை சென்ற அந்த ஆட்டத்தை மாட்ரிட் 117-113 என்று வென்றது.

அதே ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள், அணியின் உயிர்நாடியாக இருந்த ஃபெர்னாந்தோ மார்ட்டின் கார் விபத்தில் இறந்தார். வயது 27. என்.பி.ஏ.வில் ஆடிய முதல் ஸ்பெயின்காரர் அவர். ஓராண்டு அங்கே இருந்துவிட்டு மாட்ரிட்டுக்கே திரும்பியிருந்தார். அவர் அணிந்த 10ஆம் எண்ணை அணி வேறு எவருக்கும் தருவதில்லை. அந்த இழப்பிலிருந்து அணி மீள ஆண்டுகள் ஆயின. லித்துவேனியாவின் அர்விதாஸ் சபோனிஸ் ஆட, ஷெல்கோ ஒப்ராதோவிச் பயிற்றுவிக்க, 1995இல் கோப்பை மீண்டும் வந்தது. பின்னர் பாப்லோ லாசோவின் பயிற்சியில் 2015, 2018 ஆகிய ஆண்டுகளிலும், சுஸ் மாத்தேயோவின் பயிற்சியில் 2023இல் கௌனஸ் நகரிலும் வென்று, மொத்தம் 11 ஆயிற்று. அந்த 2023 இறுதி ஆட்டத்தில் 35 வயது செர்ஜியோ யுல் கடைசி நொடிகளில் தாவி எறிந்த பந்துதான் 79-78 என்ற வெற்றியைத் தந்தது. அன்று அவர் எடுத்த புள்ளிகள் அந்த 2 மட்டுமே.

வணிகர், விருதுநகர்: இந்த அணியால் கழகத்துக்கு லாபம் உண்டா?

இல்லை. ஆட்டக்காரர்களின் சம்பளத்துக்கு ஈடாகும் வருவாய் ஐரோப்பியக் கூடைப்பந்தில் இல்லை. குறையைக் கால்பந்துப் பணமே நிரப்புகிறது. 1990இன் விளையாட்டுச் சட்டம் ஸ்பெயினின் தொழில்முறைக் கழகங்களைப் பங்கு நிறுவனங்களாக மாறச் சொன்னபோது, விலக்குப் பெற்ற நான்கு கால்பந்துக் கழகங்களில் ரியல் மாட்ரிட்டும் ஒன்று. அதனால் அது இன்றும் உறுப்பினர்களின் உடைமை. லாபப் பங்கு கேட்கும் முதலாளி இல்லாத இடத்தில்தான், நட்டம் தரும் ஒரு பிரிவு இத்தனை காலம் மரியாதையோடு வாழ முடியும். ஆனால் அதற்கும் எல்லை உண்டு: பின்னாளில் சபோர்த்தாவின் பெயரைத் தாங்கிய அந்தப் பழைய அரங்கம், வளாக நிலம் விற்கப்பட்ட பின் 2004இல் இடிக்கப்பட்டது. அந்த நிலத்தில் இன்று நிற்பவை வானளாவிய கோபுரங்கள். அணி ஆடுவது தனக்குச் சொந்தமில்லாத, மாட்ரிட் வட்டார அரசின் அரங்கில். இது எனக்கு வருத்தம் தரும் செய்தி.

கல்லூரி மாணவி, திண்டுக்கல்: பெண்கள் அணி உண்டா?

கூடைப்பந்தில் இல்லை. பெண்கள் கால்பந்துக்கே 2020இல்தான், டாகோன் என்ற வேறொரு கழகத்தை இணைத்துக்கொண்டு இடம் கொடுத்தார்கள். 1931 முதல் கூடைப்பந்து ஆடிவரும் கழகம், அதே வழியில் பெண்களுக்கும் ஓர் அணியை ஏற்படுத்தாததற்குப் பணம் ஒரு காரணமாக இருக்க முடியாது.