டெர்ரியின் கைதட்டல்

அன்புள்ள ஐயா,

வட அயர்லாந்தின் 'ரத்த ஞாயிறு' பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். 12 ஆண்டு விசாரணை, 19 கோடி பவுண்டுக்கு மேல் செலவு. ஒரு சிப்பாய்கூடச் சிறைக்குப் போகவில்லை. பிரிட்டிஷ் பிரதமர் மன்னிப்புக் கேட்டதும் அந்த மக்கள் கைதட்டினார்களாமே, எப்படி மனம் வந்தது?

எஸ்., திருநெல்வேலி

அன்புள்ள எஸ்.,

உங்கள் கோபம் எனக்கும் உண்டு. ஆனாலும் அந்தக் கைதட்டலைக் குறைசொல்ல என்னால் முடியாது.

1972 ஜனவரி 30. விசாரணையில்லாமல் சிறைவைப்பதை எதிர்த்து வட அயர்லாந்தின் டெர்ரி நகரில் ஊர்வலம் போனவர்களைப் பிரிட்டிஷ் பாராசூட் படையினர் சுட்டார்கள். அன்றே 13 பேர் இறந்தார்கள். காயம்பட்ட ஒருவர் சில மாதம் கழித்து இறந்தார். மூன்று மாதத்துக்குள், இதை முதலில் விசாரித்த தலைமை நீதிபதி விட்ஜெரி அறிக்கை கொடுத்துவிட்டார்: முதலில் சுடப்பட்டது படையினர்மீதுதான், இறந்தவர்களில் சிலர் துப்பாக்கியோ குண்டோ கையாண்டதாகப் பலத்த சந்தேகம். மகனைப் புதைத்த குடும்பம், அவன் கையில் ஒன்றுமில்லை என்று 38 ஆண்டுகள் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று. அந்த அறிக்கை நேர்மையாக எழுதப்பட்டிருந்தால் 19 கோடிக்குத் தேவையே இருந்திருக்காது.

நீங்கள் சொல்லும் 12 ஆண்டு விசாரணையை நடத்திய சாவில் பிரபுவின் அறிக்கை 2010 ஜூன் 15 அன்று வெளியானது. டெர்ரியின் நகர மண்டபமான கில்ட்ஹாலின் முன்னுள்ள சதுக்கத்தில் பெருங்கூட்டம். 1972 ஊர்வலம் போய்ச்சேர நினைத்த இடம் அது; படை வழியிலேயே மறித்துவிட்டது. மண்டபத்துக்குள் அறிக்கையை முன்கூட்டியே படித்த உறவினர்கள் ஜன்னல் வழியே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்கள். எச்சரிக்காமல் சுட்டார்கள், பல சிப்பாய்கள் தெரிந்தே பொய் சொன்னார்கள் என்றது அறிக்கை. நடந்ததை நியாயப்படுத்தவே முடியாது என்று அப்போதைய பிரதமர் டேவிட் கேமரூன் சதுக்கத்துத் திரையில் சொன்னார். பிறகு குடும்பத்துக்கு ஒருவராக வந்து, தங்கள் வீட்டு மனிதரின் பெயரைச் சொல்லி, 'நிரபராதி' என்றார்கள். விட்ஜெரி அறிக்கையின் பிரதியை அங்கேயே கிழித்தெறிந்தார்கள். அந்தக் கைதட்டலைப் பிரதமருக்குச் சொன்ன நன்றியாக நான் எடுத்துக்கொள்ளவில்லை.

தண்டனை பற்றி நீங்கள் சொல்வது சரி. கொலைக் குற்றம் சாட்டப்பட்ட, பெயர் வெளியிடப்படாத 'சிப்பாய் எஃப்', போதிய சாட்சியமில்லை என்று 2025 அக்டோபரில் விடுதலையானார்.

என்னை அரிப்பது இன்னொன்று. இறந்தவர்களில் 17 வயதுப் பையன் ஒருவனிடம் ஆணிக் குண்டுகள் (ஆணிகளை வைத்துச் செய்த நாட்டுக் குண்டுகள்) அநேகமாக இருந்தன, ஆனால் அவன் சுடப்பட்டது அதனால் அல்ல என்று சாவிலும் எழுதிவிட்டார். சுடப்பட்டவனை வீட்டுக்குள் கிடத்திப் பரிசோதித்த மருத்துவரின் கண்ணில் எந்தக் குண்டும் படவில்லை. அந்த வரியைக் குடும்பம் ஏற்கவில்லை. நானும் ஏற்கவில்லை.