சுத்தம் செய்த சிஸ்டத்தில் மறுபடியும் வார்ம் வருவது ஏன்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருந்தன. சுத்தம் செய்து முடித்த கணினியில் வார்ம் மறுபடி மறுபடி வருகிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். மற்ற கேள்விகளை அடுத்த முறைக்கு வைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

வைரஸ், வார்ம் இரண்டும் ஒன்றுதானே? சர்வீஸ் செய்கிறவர் மாற்றி மாற்றிச் சொல்கிறார்.

பேச்சுவழக்கில் எல்லாமே வைரஸ்தான், அதில் தப்பில்லை. ஆனால் கணினியைச் சரிசெய்ய உட்காருகிறவருக்கு வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். வைரஸ் இன்னொரு கோப்பில் ஒட்டிக்கொண்டு இருக்கும். யாராவது அந்தக் கோப்பைத் திறந்தால்தான் அது வேலையைத் தொடங்கும். வார்ம் தனி நிரல். தன்னைத்தானே நகலெடுத்துக்கொண்டு அடுத்த கணினியைத் தேடிப் போகும்.

1988 நவம்பர் 2 அன்று அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் விட்ட வார்ம்தான் இணையத்தை முதன்முதலில் பெரிய அளவில் முடக்கியது. ஏற்கெனவே தன் நகல் இருக்கிற கணினி என்று தெரிந்தாலும் ஏழில் ஒரு முறை அது மறுபடி நுழைந்து ஓடும்படி அவர் எழுதியிருந்தார். அந்த ஒரு கணக்குதான் எல்லாவற்றையும் கெடுத்தது. ஒரே கணினியில் பத்து, இருபது நகல்கள் சேர்ந்து ஓட, கணினிகள் மூச்சுத் திணறி நின்றன. சுமார் 6,000 கணினிகள் பாதிக்கப்பட்டதாக அப்போது மதிப்பிட்டார்கள்.

எங்கள் ஆடிட்டர் அலுவலகத்தில் 9 கணினிகள். ஒவ்வொன்றாக ஆண்டிவைரஸ் ஓட்டிச் சுத்தம் செய்தோம். இரண்டே நாளில் எல்லாவற்றிலும் திரும்ப வந்துவிட்டது. எங்கே தப்பு செய்தோம்?

'ஒவ்வொன்றாக' என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான்.

உங்கள் அலுவலகத்தில் டேலி டேட்டா ஃபோல்டரையும் பிரிண்டரையும் எல்லோரும் பகிர்ந்து பயன்படுத்துவீர்கள். விண்டோஸில் இந்தப் பகிர்வு நடப்பது 445 என்ற போர்ட் வழியாக. போர்ட் என்றால் கணினியின் வாசல்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பகிர்வு நடக்க வேண்டும் என்றால் அந்த வாசல் பக்கத்துக் கணினிகளுக்குத் திறந்தே இருக்க வேண்டும். தொற்றிய கணினியில் உட்கார்ந்திருக்கும் வார்ம், அதே நெட்வொர்க்கில் இருக்கிற ஐபி முகவரிகளை வரிசையாகத் தட்டிப் பார்க்கும். எங்கே 445 பதில் சொல்கிறதோ அங்கே, விண்டோஸ் எதிர்பார்க்காத வடிவத்தில் ஒரு கோரிக்கையை அனுப்பும். பேட்ச், அதாவது நிரலில் இருக்கும் ஓட்டையை அடைக்கும் அப்டேட், போடாத விண்டோஸ் அதைப் படிக்கும்போது, ஒதுக்கிய இடத்துக்கு மேல் தரவு வழிந்து, நிரல் அடுத்து எந்தக் கட்டளைக்குப் போக வேண்டும் என்று குறித்துவைத்திருக்கும் இடத்தில் போய் விழும். அப்புறம் அந்தக் கணினி வார்மின் கட்டளையைத் தன் சொந்தக் கட்டளை போல நிறைவேற்றும். யாரும் எதையும் கிளிக் செய்யத் தேவையில்லை. உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு ஒன்றுமே தெரியாது.

நீங்கள் மூன்றாவது கணினியைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது, நான்காவதிலிருந்து ஒன்பதாவது வரை உள்ளவை முதல் இரண்டையும் தட்டிக்கொண்டே இருந்திருக்கும். ஆண்டிவைரஸ் வார்மின் கோப்பை அழிக்கும். வார்ம் வந்த ஓட்டையை அடைப்பது அதன் வேலை இல்லை, அது விண்டோஸ் அப்டேட்டின் வேலை.

இதை நான் கஷ்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். 2009-ன் தொடக்கம், கான்ஃபிக்கர் வார்ம் உலகம் முழுக்கப் பரவிக்கொண்டிருந்த நேரம். ஓர் அலுவலகத்தில் 14 கணினிகள். யாரும் வராத ஞாயிற்றுக்கிழமை பார்த்துப் போனேன். முதல் கணினியை ஃபார்மட் செய்து, விண்டோஸ் எக்ஸ்பி போட்டு, அப்டேட் இறக்குவதற்காக லேன் கேபிளைச் செருகினேன். அப்டேட் பாதி இறங்குவதற்குள் மைக்ரோசாஃப்ட் தளம் திறக்க மறுத்தது. ஆண்டிவைரஸ் நிறுவனங்களின் தளங்களும் திறக்கவில்லை. கூகுள் மட்டும் நன்றாகத் திறந்தது. அதுதான் கான்ஃபிக்கரின் அடையாளம். தன்னை விரட்டக்கூடிய தளங்களை மட்டும் பார்த்துத் தடுத்துவிடும். புது விண்டோஸ் போட்டு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. நிமிர்ந்து, எல்லாக் கணினிகளின் கேபிளும் வந்து சேரும் நெட்வொர்க் சுவிட்சைப் பார்த்தேன். ஆளே இல்லாத அலுவலகத்தில் அத்தனை பச்சை விளக்குகளும் விடாமல் துடித்துக்கொண்டிருந்தன.

அன்றைக்கு சுவிட்சிலிருந்து எல்லாக் கேபிளையும் உருவிய பிறகுதான் வேலை நகர்ந்தது. நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள். முதலில் 9 கணினிகளையும் நெட்வொர்க்கிலிருந்து கழற்றுங்கள், வைஃபையையும் அணையுங்கள். தொற்றில்லாத வேறொரு கணினியில், மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக் தளத்திலிருந்து உங்கள் விண்டோஸுக்கான அப்டேட்டை இறக்கி, சிடியிலோ டிவிடியிலோ எழுதி எடுத்து வாருங்கள். பென்டிரைவ் வேண்டாம், அதுவே வழியில் தொற்றிக்கொள்ளும். ஒவ்வொரு கணினியிலும் முதலில் அப்டேட், பிறகு சுத்தம், பிறகு ரீஸ்டார்ட். ஒன்பதும் முடிந்த பிறகுதான் ஒரு கேபிளாவது திரும்பச் செருக வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எல்லாக் கணினிக்கும் ஒரே அட்மின் பாஸ்வேர்டு வைத்திருந்தால் அதை மாற்றுங்கள். கான்ஃபிக்கர் ஓட்டை வழியாக மட்டும் வரவில்லை. எளிய பாஸ்வேர்டுகளின் பட்டியல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, பக்கத்துக் கணினிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. 'அட்மின்', '123456' வகையெல்லாம் அதில் இருந்தன. ஓட்டையை அடைத்த கணினிக்குள்ளும் அந்த வழியாக நுழைந்தது.

ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்துவிட்டு வந்தேன். பென்டிரைவில் இருந்த ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிவிட்டது. என் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் போய்விட்டதா?

பெரும்பாலும் போயிருக்காது, பயப்படாதீர்கள். தயவுசெய்து பென்டிரைவை ஃபார்மட் மட்டும் செய்துவிடாதீர்கள். இந்த வகை வார்ம் உங்கள் ஃபோல்டரை அழிப்பதில்லை, மறைத்துவைக்கிறது. அதே பெயரில், அதே மஞ்சள் படத்தோடு ஒரு ஷார்ட்கட்டை முன்னால் வைக்கிறது. நீங்கள் அதை இரண்டு முறை கிளிக் செய்தால் முதலில் வார்ம் ஓடும், அடுத்த நொடி உண்மையான ஃபோல்டரும் திறக்கும். உள்ளே எல்லாம் வழக்கம்போல இருக்கும். அதனால்தான் பலருக்கு வாரக்கணக்கில் சந்தேகமே வருவதில்லை.

நீங்களே பார்க்கலாம். ஷார்ட்கட் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்டீஸ் போங்கள். டார்கெட் என்ற கட்டத்தில் உங்கள் ஃபோல்டரின் பெயர் மட்டும் இருக்காது. சிஎம்டி அல்லது டபிள்யூஸ்கிரிப்ட் என்று தொடங்கி, நீங்கள் உருவாக்காத ஒரு கோப்பின் பெயரும் சேர்ந்து இருக்கும். அந்தக் கோப்புதான் வார்ம். பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லுங்கள். அதற்குக் கீழேயே, பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் கோப்புகளை மறைக்கும் டிக்கையும் எடுத்துவிடுங்கள். பலர் இந்த இரண்டாவதை விட்டுவிட்டு, ஃபோல்டர் இல்லையே என்று அழுகிறார்கள். இப்போது உங்கள் ஃபோல்டர் மங்கலாகத் தெரியும். அதைத் திறந்து ரிப்போர்ட்டை வேறு இடத்துக்கு நகலெடுங்கள். அப்புறம் ஷார்ட்கட்டுகளையும் அந்தக் கோப்பையும் அழியுங்கள். வீட்டில் ஒரு முறையாவது அந்த ஷார்ட்கட்டைக் கிளிக் செய்திருந்தால் கணினியையும் முழுதாக ஸ்கேன் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் அடுத்துச் செருகும் பென்டிரைவும் இதே கதிதான்.

பழைய எக்ஸ்பி காலத்தில் இது இன்னும் மோசம். பென்டிரைவைச் செருகியதும், ஆட்டோரன் என்ற வசதி அதிலிருந்த நிரலைத் தானாகவே ஓட்டப் பார்க்கும். பென்டிரைவ் செருகியதும் கேட்கும் பெட்டியில் கான்ஃபிக்கர் என்ன செய்தது தெரியுமா? 'ஃபோல்டரைத் திறந்து கோப்புகளைப் பார்' என்ற வரியை, அதே ஃபோல்டர் படத்தோடு, தானும் ஒரு முறை எழுதிவைத்தது. பெட்டியில் ஒரே மாதிரி இரண்டு வரிகள். மேலே இருப்பது வார்ம், கீழே இருப்பது உண்மை. அவசரத்தில் எல்லோரும் மேலே இருப்பதைத்தான் அழுத்தினார்கள். 2011 பிப்ரவரியில் எக்ஸ்பிக்கும் விஸ்டாவுக்கும் வந்த அப்டேட், பென்டிரைவுக்கு இந்த ஆட்டோரனை நிறுத்தியது. விண்டோஸ் 7 வந்தபோதே அது நிறுத்தப்பட்டிருந்தது. தானாக ஓட முடியாது என்றான பிறகுதான், உங்கள் விரலாலேயே ஓடவைக்கும் இந்த ஷார்ட்கட் வகை பெருகியது.

மறுபடி ஜெராக்ஸ் கடைக்குப் போகும்போது பிடிஎஃப் ஒன்றை மட்டும் மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட்டின் ஒரே பிரதி இருக்கும் பென்டிரைவை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

ரீஸ்டார்ட் செய்தால் வார்ம் போய்விடும் என்கிறார்களே?

சில வார்ம்கள் போகும். 2003 ஜனவரி 25 அன்று பரவிய எஸ்க்யூஎல் ஸ்லாமர் வெறும் 376 பைட். நினைவகத்தில் மட்டும் இருந்தது, டிஸ்க்கில் எதையும் எழுதவில்லை. ரீஸ்டார்ட் செய்தால் காணாமல் போகும். ஆனால் பேட்ச் போடாமல் திரும்ப இணைத்தால் சில நிமிடங்களில் மறுபடி வந்துவிடும். அது தொற்றிய கணினிகளின் எண்ணிக்கை ஆரம்பத்தில் 8.5 நொடிக்கு ஒரு முறை இரட்டிப்பானது, தொற்றக்கூடிய கணினிகளில் பெரும்பாலானவற்றைப் பத்து நிமிடத்தில் பிடித்துவிட்டது. மற்ற வார்ம்கள் பெரும்பாலும் கணினி திறக்கும்போதே தானும் எழுந்துகொள்ளும்படி தன்னைப் பதிவுசெய்துகொள்ளும். அவற்றுக்கு ரீஸ்டார்ட் ஒரு பொருட்டே இல்லை.

டிடிபி சென்டர் வைத்திருக்கிறேன். பேஜ்மேக்கரும் பாமினி எழுத்துருவும் பழைய கணினியில்தான் சரியாக ஓடுகின்றன. எக்ஸ்பியை விட முடியாது. புது பேட்ச் வராத கணினியை என்ன செய்வது?

உங்கள் நிலைமை எனக்குப் புரிகிறது. இருபது வருடக் கல்யாணப் பத்திரிகைகளும் நோட்டீஸ்களும் அந்தக் கோப்புகளில் இருக்கின்றன. 'புதுசு வாங்குங்கள்' என்று சொல்லிவிட்டு நான் போக முடியாது.

அந்தக் கணினியை வைத்துக்கொள்ளுங்கள், நெட்வொர்க்கில் மட்டும் வைக்காதீர்கள். லேன் கேபிளே வேண்டாம். பிரிண்டரை யூஎஸ்பியில் நேராக இணையுங்கள். வேலை முடிந்ததும் பிடிஎஃப் ஆக்கி, அதற்கென்றே ஒதுக்கிய ஒரே பென்டிரைவில் எடுத்துப் புது கணினிக்குக் கொண்டுபோங்கள். வாடிக்கையாளர் நீட்டும் பென்டிரைவை முதலில் செருக வேண்டியது அப்டேட் ஆகும் கணினியில்தான்.

2017 மே 12 அன்று வான்னாகிரை என்ற வார்ம் பரவியபோது இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை நேரங்கள் ரத்தாயின. 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் பூட்டப்பட்டு, திறக்க 300 டாலர் கேட்கப்பட்டது. அது நுழைந்ததும் அதே 445 வழியாகத்தான். அந்த ஓட்டைக்கான பேட்ச் மார்ச் 14 அன்றே வந்திருந்தது. 59 நாட்கள் இருந்தன. 2003-ல் வந்த பிளாஸ்டர் வார்முக்கு 26 நாட்கள் முன்னால் பேட்ச் வந்தது, 2004-ல் வந்த சாஸர் வார்முக்கு 17 நாட்கள் முன்னால். ஒவ்வொரு முறையும் மருந்து முதலில் வந்துவிட்டது, போட்டுக்கொள்ளத்தான் ஆளில்லை. உங்கள் எக்ஸ்பிக்கு இனி அந்த மருந்தும் வராது, அதனால்தான் கேபிளைப் பிடுங்கச் சொல்கிறேன்.

டிடிபி சென்டர்களில் நான் அடிக்கடி பார்க்கும் ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். பழைய ஜெராக்ஸ் மெஷினிலிருந்து ஸ்கேன் நேராக ஃபோல்டருக்கு வர வேண்டும் என்று, புது விண்டோஸிலும் எஸ்எம்பி 1 என்ற பழைய பகிர்வு முறையை இயக்கிவைத்திருப்பார்கள். வான்னாகிரை பயன்படுத்திக்கொண்டது அந்த முறையில் இருந்த ஓட்டையைத்தான். அதை அணைத்துவிட்டு, ஸ்கேனை யூஎஸ்பியிலோ மின்னஞ்சலிலோ எடுக்க முடியுமா என்று மெஷின் சர்வீஸ்காரரிடம் கேளுங்கள்.

நல்ல வார்ம் ஒன்று எழுதி, கெட்ட வார்மை விரட்டி, பேட்சும் போடவைக்க முடியாதா?

செய்து பார்த்துவிட்டார்கள். 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் பரவிய சில நாட்களிலேயே வெல்சியா என்ற வார்ம் வந்தது. பிளாஸ்டரை அழிக்கும், மைக்ரோசாஃப்ட்டிலிருந்து பேட்சை இறக்கிப் போடும். ஆனால் அடுத்த கணினியைத் தேடுவதற்காக அது அனுப்பிய பிங் என்ற தட்டிப்பார்க்கும் செய்திகளின் வெள்ளத்தில் பல நிறுவனங்களின் நெட்வொர்க் படுத்துவிட்டது. உங்கள் கணினியில் என்ன ஓட வேண்டும் என்பதை உங்களைக் கேட்காமல் முடிவுசெய்கிற எதையும் என்னால் நல்லது என்று சொல்ல முடியாது.

எங்கள் கடையில் லினக்ஸ்தான். எங்களுக்குக் கவலை இல்லைதானே?

மோரிஸ் வார்ம் பரவியதே லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் கணினிகளில்தான். சரி, அது பழைய கதை. 2016-ல் வந்த மிராய் என்ற வார்மைப் பாருங்கள். சிசிடிவி கேமரா, அதன் படத்தைப் பதிவுசெய்யும் டிவிஆர், ரவுட்டர் போன்ற பொருட்களுக்குள்ளே ஓடுவது பெரும்பாலும் லினக்ஸ். தொழிற்சாலையில் வைத்த சுமார் 60 பயனர்பெயர், பாஸ்வேர்டு ஜோடிகளை மட்டும் வைத்துக்கொண்டு, லட்சக்கணக்கான பொருட்களுக்குள் அது நுழைந்தது. உங்கள் கடையில் கணினி பத்திரமாக இருக்கலாம். சுவரில் டிவிஆரைப் பொருத்த வந்தவர் அதன் பாஸ்வேர்டை மாற்றினாரா? இன்றைக்குக் கடை அடைப்பதற்குள் அதைப் பார்த்துவிடுங்கள்.