மெக்கானிக்கல் முடித்தவர் எனர்ஜி துறையில் டெக்னிக்கல் ரெக்ரூட்டராகப் போகலாமா? டெல்டாவில் இருந்துகொண்டே செய்ய முடியுமா?

எண்ணெய், எரிவாயு, மின்சாரக் கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் ஒரு ஏஜென்சியில் திருச்சியில் வேலை கிடைக்கும்போல இருக்கிறது, போனால் நிலைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும், தாராளமாகப் போங்கள். நான் மன்னார்குடிப் பக்கம். 12 வருஷமாக இதே வேலைதான், முதல் 5 வருஷம் சென்னையில், அப்புறம் ஊரிலிருந்தே. இந்தத் தொழிலில் நிலைத்தவர்கள் என்று எனக்குத் தெரிந்த எல்லாருமே, வேலை செய்கிறவர்களிடம் போய் உட்கார்ந்து அந்த வேலையைக் கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள்.

எனக்கு அது பட்டுத்தான் புரிந்தது. முதல் வருஷம் ஒரு ரிஃபைனரி ஷட்டவுனுக்கு மெயின்டனன்ஸ் இன்ஜினியர்கள் கேட்டார்கள். ரெஸ்யூமில் ரிஃபைனரி, மெயின்டனன்ஸ் என்று இருந்த 5 பேரை அனுப்பினேன். அவர்களுக்கு வேண்டியது ரொட்டேட்டிங் ஆட்கள், அதாவது பம்ப், கம்ப்ரசர், டர்பைன் பார்க்கிறவர்கள். நான் அனுப்பிய 5 பேரும் ஸ்டேட்டிக், வெசலும் ஹீட் எக்ஸ்சேஞ்சரும் பார்த்தவர்கள். ஒவ்வொரு இன்டர்வியூவும் 10 நிமிஷத்தில் முடிந்தது. அதில் ஒருவர் அன்றைக்கு ஓடுகிற வேலையில் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார், அவரிடம் மன்னிப்புக் கேட்ட அந்த போன்காலை இன்னும் மறக்கவில்லை.

அதற்கப்புறம்தான் கமலாபுரம் பக்கத்தில் எண்ணெய்க் கிணறு துளைக்கும் ரிக்கில் டிரில்லராக இருந்து ரிட்டயரான ஒரு ஐயாவைத் தேடிப் போனேன். ரிக்கில் கிக் கிக் என்கிறார்களே, அது என்ன என்று கேட்டேன். திண்ணையில் உட்கார்ந்தபடியே, "ஏம்மா, உங்க போர்ல மோட்டாரை நிறுத்திட்ட, அப்புறமும் குழாய்ல தண்ணி வந்துகிட்டே இருந்தா என்ன அர்த்தம்?" என்றார். கீழேயிருந்து வேறு எதுவோ தள்ளுகிறது என்றேன். "அவ்வளவுதாம்மா கிக்கு." துளைக்கும்போது உள்ளே அனுப்புகிற கனமான சேற்றுக் கலவைக்கு மட் என்று பெயர், அந்த மட்டின் எடைதான் பூமிக்குள் இருக்கும் அழுத்தத்தை அமுக்கி வைத்திருக்கிறது, எடை போதாவிட்டால் எரிவாயுவோ எண்ணெயோ கிணற்றுக்குள் புகுந்து அந்தக் கலவையை மேலே தள்ளும், மேலே இருக்கும் மட் டேங்கில் அளவு ஏறும், பம்பை நிறுத்தினாலும் வரத்து நிற்காது. கவனிக்காமல் விட்டால் கிணறு கட்டுமீறிப் பீறிடும், அதுதான் புளோஅவுட். அரை மணி நேரத்தில் அவர் சொல்லிக்கொடுத்தது எந்த டிரெய்னிங்கிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

அதே மாதிரி துவாக்குடியில் வெல்டர் டெஸ்ட் நடக்கும் இடத்தில் ஒரு நாள் முழுக்க நின்று பாருங்கள். பாய்லர் செய்கிற திருச்சி பெல் (BHEL) இருப்பதால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் பாய்லர் வெல்டிங் தெரிந்த கைகள் ஏராளம். 6ஜி என்கிற வெல்டர் டெஸ்டில் குழாயை 45 டிகிரி சாய்த்து அசையாமல் கட்டிவிடுவார்கள், வெல்டர்தான் அதைச் சுற்றி வளைந்து குனிந்து போட வேண்டும். நான் பார்த்த ஒருவர் ஆர்க் அடிப்பதற்கு முன்னால் ஃபில்லர் கம்பியை இரண்டு குழாய்க்கும் நடுவில் நுழைத்து நுழைத்து நான்கு பக்கமும் இடைவெளி ஒரே அளவாக இருக்கிறதா என்று பார்த்தார், ஒரு பக்கம் கொஞ்சம் இறுக்கமாக இருந்ததும் தற்காலிகமாகப் பிடித்து வைத்த சிறு வெல்டை, அதாவது டாக்கை, அறுத்துவிட்டு மறுபடி கட்டினார். அப்புறம் ஆர்கான் வெல்டிங்கில் ரூட், அதாவது முதல் அடுக்கு, போட்டு முடித்து டார்ச் லைட் அடித்துக் குழாயின் உள்பக்கத்தைக் காட்டினார், கீழ்ப்பக்கத்தில்கூட வெல்ட் உள்வாங்கிப் பள்ளமாகவில்லை. இதைப் பார்த்த பிறகு வெல்டரிடம் எத்தனை வருஷ அனுபவம் என்று மட்டும் கேட்டு போனை வைக்க மனசு வராது.

சரி, டெல்டாவில் என்ன இருக்கிறது? காரைக்காலில் ஓஎன்ஜிசியின் காவிரி அசெட், நரிமணத்தில் 1993இல் தொடங்கி இப்போது மூடப்பட்டுவிட்ட ரிஃபைனரி இருந்த இடத்தில் ஆண்டுக்கு 90 லட்சம் டன் அளவில் திட்டமிட்ட புதிய ரிஃபைனரி, அப்புறம் குத்தாலம், கோவில்களப்பால் பக்கத்து எரிவாயு மின் நிலையங்கள். பொதுத்துறை கம்பெனிகள் நிரந்தர ஆட்களை அறிவிப்பு, தேர்வு என்று அவர்களே எடுத்துக்கொள்வார்கள், அங்கே ஏஜென்சிக்கு வேலை இல்லை. அவர்களுக்கு ரிக், சிமென்டிங், லாகிங், பராமரிப்பு செய்து கொடுக்கிற கான்ட்ராக்டர்கள்தான் உங்கள் கிளையன்ட். 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்ததால் டெல்டாவின் பெரும்பகுதியில் புதிதாக எண்ணெய்க் கிணறு தோண்ட அனுமதி இல்லை. விவசாயக் குடும்பத்துப் பெண்ணாக எனக்கு அது சரியென்றுதான் படுகிறது. தொழில் ரீதியாகப் பார்த்தால், இங்கே இருப்பது ஆள், வேலை பெரும்பாலும் வெளியே. வளைகுடா ரிக்குகள், குஜராத், ராஜஸ்தான் சோலார், தெற்கே காற்றாலை. ஊரில் உட்கார்ந்து அதற்கு ஆள் அனுப்பலாம், நான் அதைத்தான் செய்கிறேன்.

சர்டிஃபிகேட்டில் தேதியைப் பாருங்கள். வெல் கன்ட்ரோலுக்கான, அதாவது கிக்கைச் சமாளிக்கிற பயிற்சிக்கான ஐடபிள்யூசிஎஃப் டிரில்லர்களுக்கு 2 வருஷம், கடல் ரிக்குக்குப் போக போசியட் பாதுகாப்புப் பயிற்சி 4 வருஷம், காற்றாலைக்கு ஜிடபிள்யூஓ அடிப்படைப் பயிற்சி 2 வருஷம். விசா வந்த பிறகு ஒன்று காலாவதியாகி நின்ற ஆட்களைப் பார்த்திருக்கிறேன்.

பணம் விஷயத்துக்கு வருகிறேன். நிரந்தர வேலைக்கு ஆள் கொடுத்தால் கம்பெனி தரும் கட்டணம் பொதுவாக அந்த ஆளின் ஒரு மாதச் சம்பளம் அளவு, வருஷச் சம்பளத்தில் 8.33 சதவீதம் என்பார்கள். கான்ட்ராக்ட் ஆள் என்றால் மாதாமாதம் ஒரு மார்ஜின். இந்தப் பணம் கம்பெனியிடமிருந்துதான் வர வேண்டும். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு அம்மா அடகுக் கடை ரசீதை முந்தானையிலிருந்து எடுத்து என் கையில் வைத்தார்கள். பைப் ஃபிட்டர் வேலை என்று சொல்லி ஒரு ஏஜென்ட் 1.20 லட்சம் வாங்கி, பையனை விசிட் விசாவில் ஏற்றிவிட்டிருக்கிறான், அங்கே போனால் ஹெல்ப்பர் வேலை, இரண்டே மாதத்தில் திரும்பி வந்துவிட்டான். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்ப 1983ஆம் வருஷத்துக் குடியேற்றச் சட்டப்படி பதிவு வேண்டும், பதிவு பெற்ற ஏஜென்ட்டும் 30 ஆயிரமும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம், பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நீங்கள் சேரப்போகும் ஏஜென்சியில் முதல் நாளே இதைக் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் சேராதீர்கள், தயவுசெய்து. நம் ஊரில் ஒரு தெருவில் பெயர் கெட்டால் அடுத்த ஊர் வரைக்கும் போகும், அதைவிட அந்த அம்மாவின் ரசீதுதான் மனசை உறுத்தும்.

டிரில்லர் ஐயா சொன்னதை நான் கேள்வியாகவே வைத்துக்கொண்டேன். ஒரு வளைகுடா ரிக்குக்கு இரண்டு அசிஸ்டன்ட் டிரில்லர்கள் வந்திருந்தார்கள், பம்பை நிறுத்திய பிறகும் மட் வந்துகொண்டிருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். முதல் ஆள், சூப்பர்வைசருக்குச் சொல்லி அவர் என்ன சொல்கிறாரோ அதைச் செய்வேன் என்றார். ஆங்கிலம் நன்றாகப் பேசினார், ரெஸ்யூமும் அழகு. இரண்டாவது ஆள் நீடாமங்கலத்துக்காரர், கொஞ்சம் திக்கித் திக்கிப் பேசினார், "முதல்ல கிணத்தை அடைச்சிடுவேங்க, அப்புறம்தான் போன்" என்றார். அவரைத்தான் கிளையன்ட்டிடம் எழுதிப் போட்டு அனுப்பினேன். 28 நாள் வேலை, 28 நாள் வீடு. போன குறுவை அறுப்புக்கு வந்திருந்தபோது எங்கள் வீட்டுக்கு வந்து, அந்த ரிக்கில் நன்றாக வேலை செய்கிற மூன்று பேரின் நம்பரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.