நூறு வில்லும் ஒரு டிராகனும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மூன்று வருடமாக நண்பர்களோடு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம்; பகடை உருட்டிக் கதை நடத்தும் மேஜை ஆட்டம். 2014 பதிப்பு, கதையை நடத்துகிற டிஎம் நான்தான். போன மாதம் கதையில் ஒரு ராஜா நாலாயிரம் பேரைத் திரட்டிக்கொண்டு எல்லைக்குக் கிளம்பினான். மேஜையைச் சுற்றி ஒரே சிரிப்பு. "நம்ம மந்திரவாதி ரெண்டு ஃபயர்பால் போட்டா பாதி காலி, டிராகன் வந்தா மீதியும் காலி. இந்த ஆளு எதுக்குய்யா இத்தனை பேருக்குச் சோறு போடறான்?" என்று கேட்டார்கள். எனக்குப் பதில் வரவில்லை. படை என்பதையே கதையிலிருந்து எடுத்துவிடலாமா?

ம., கோவை

அன்புள்ள ம.,

எடுக்காதீர்கள். உங்கள் நண்பர்களுக்குக் கணக்கு கொஞ்சம் இடிக்கிறது.

ஃபயர்பால் என்கிற நெருப்புருண்டை மந்திரத்தின் வீச்சு நடுவிலிருந்து இருபது அடி. ஐந்தடிக் கட்டத்துக்கு ஒருவராக நெருக்கியடித்து நின்றாலும் சுமார் ஐம்பது பேர்தான் அதில் சிக்குவார்கள். ஐந்தாம் லெவல் மந்திரவாதிக்கு ஓய்வெடுக்காமல் இரண்டுதான். ஆக நூறு பேர் போனார்கள் என்று வையுங்கள். அதற்கப்புறம் அவன் எங்காவது படுத்து ஓய்வெடுத்தாக வேண்டும். அவன் எங்கே படுத்திருக்கிறான் என்று தேட மூவாயிரத்துத் தொள்ளாயிரம் பேர் பாக்கி இருக்கிறார்கள்.

சோற்று விஷயம் நல்ல கேள்வி. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு உணவு என்கிறது விதி. நாலாயிரம் பேருக்குக் கிட்டத்தட்ட 1,800 கிலோ. "கிளெரிக் மந்திரத்தில் சோறு வரவழைப்பாரே" என்பார்கள்; கிளெரிக் என்றால் மந்திரம் தெரிந்த பூசாரி. ஒரு தடவை மந்திரம் போட்டால் பதினைந்து பேருக்குத்தான் வரும். அப்படியானால் தினமும் 267 தடவை போட வேண்டும். எனவே தானிய வண்டி, வண்டிக்குக் காவல், பாலத்தில் சுங்கம், கொள்ளைக்காரர்கள். உங்களுக்கு நாலு ஞாயிற்றுக்கிழமைக்கான கதை அந்த வண்டித் தடத்திலேயே கிடக்கிறது.

இன்னொன்று, இந்த ஆட்டத்துக்குப் படைதான் பிறந்த வீடு. 1971-இல் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் 'செயின்மெயில்' என்று இடைக்காலப் போருக்கு விதிகள் எழுதினார்கள். ஒரு பொம்மை இருபது சிப்பாய்க்குச் சமம். அதன் பின்பகுதியில் மந்திரவாதியை நுழைத்தபோது, அவன் எறியும் நெருப்புக்குப் பெரிய கல்லெறி பொறியின் பரப்பளவையே கொடுத்தார்கள். அதாவது அவன் நடமாடும் பீரங்கி; படையோடு சேர்ந்து வந்தவன். 1974-இல் கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸைக் கொண்டுவந்த பிறகும், லெவல் ஏறிய போர்வீரன் கோட்டை கட்டி ஆள் சேர்த்துக்கொள்வதாகத்தான் விதி இருந்தது. தனி ஆட்கள் நாலு பேர் உலகத்தைத் தூக்கி நிறுத்துவது பின்னால் வந்த பழக்கம்.

இனி டிராகன். உங்கள் பதிப்பில் முதிர்ந்த சிவப்பு டிராகனின் ஆர்மர் கிளாஸ், அதாவது அடி படுவதற்கு எட்ட வேண்டிய எண், 19; உயிர்ப்புள்ளி 256. புத்தகத்தில் கார்டு என்று வரும் அந்தச் சாதாரணக் காவலாள் நூறு பேர் கையில் லாங்போ என்கிற நீள வில்லைக் கொடுங்கள். உருட்டிய எண்ணோடு ஆளுக்கு +3. இருபது முகப் பகடையில் 16 விழுந்தால் போதும், அம்பு தைக்கும். நூறில் இருபத்தைந்து. சராசரியாகச் சேதத்தைக் கூட்டினால் ஒரு சுற்றுக்கு 160 வருகிறது. இரண்டாவது சுற்றில் டிராகன் தரையில். பன்னிரண்டு விநாடி!

இதே டிராகன் 2003-இல் வந்த 3.5 பதிப்பில் வேறு பிராணி. ஆர்மர் கிளாஸ் 29. சிப்பாய்க்குப் பகடையில் இருபதே விழுந்தால்தான் அம்பு படும், பட்டாலும் அந்தத் தோல் ஐந்து புள்ளியைத் தின்றுவிடும். நூறு அம்பு விட்டால் ஏதோ கீறல். அங்கே உங்கள் நண்பர்கள் சொன்னது முழுக்க உண்மை; எலிப்படை முன்னால் நாகம் மூச்சு விட்ட கதைதான். அந்த உலகத்தில் ராஜா படை வைத்திருந்தால் அது வரி வசூலுக்கு. 2014-இல் ஆர்மர் எண்களை வேண்டுமென்றே தாழ்வாக வைத்தார்கள். சின்ன ஆட்கள் கூடினால் பெரிய மிருகத்துக்கும் வலிக்கும் என்பது அப்போதே முடிவாகிவிட்டது. பலர் இதைக் கவனிக்காமல் பழைய பதிப்பின் உலகத்தையே 2014 விதிகளில் ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் இதைப் புளியங்கொட்டை வைத்துப் பார்த்திருக்கிறேன். கட்டம் போட்ட தாளில் பத்துக்குப் பத்தாக நூறு கொட்டை. டிராகனின் நெருப்பு அறுபதடி நீளக் கூம்பு, அதைக் காகிதத்தில் வெட்டி மேலே வைத்தேன். எழுபது கொட்டைக்குப் பக்கத்தில் மறைந்துவிட்டது. நீளத்திலும் அகலத்திலும் மூன்று கட்டத்துக்கு ஒன்றாகப் பரப்பி மறுபடி வைத்தேன். எட்டு. அணிவகுப்பைக் கலைத்ததும் படை பிழைத்துக்கொண்டது.

மகிழ்ச்சியில் மேஜையைத் தட்டினேன். எதிரே இருந்த நண்பர் புத்தகத்தைத் திருப்பி ஒரு வரியைக் காட்டினார். 120 அடிக்குள் டிராகனைப் பார்க்கிறவர்கள் மிரள வேண்டும். தப்பிக்கப் பகடையில் 19 வேண்டும், பத்தில் ஒருவர் தேறலாம். மிரண்டவன் இரண்டு பகடை உருட்டிச் சின்னதை எடுக்க வேண்டும். 160 சட்டென்று ஐம்பதுக்குக் கீழே வந்து நின்றது. ஐந்தாறு சுற்று ஆகும் இப்போது, அதுவரை யார் இருப்பார்கள்? நெருப்பைவிடப் பயம்தான் படையை அதிகம் தின்கிறது.

உங்கள் ஆட்டக்காரர்களுக்கு வேலை வருவது இங்கேதான். பாலடின் என்றால் சத்தியம் செய்துகொண்ட புனித வீரர்; பத்தாம் லெவல் பாலடினைச் சுற்றிப் பத்தடிக்குள் நிற்கிற தோழர்களை மிரட்ட முடியாது. மிரளாமல் இருக்க அவரை ஒட்டி நிற்க வேண்டும். ஒட்டி நின்றால் கூம்பு மொத்தமாக வாரிக்கொண்டு போகும். என் மேஜையில் பாலடின் ஆடியவர் கொட்டைகளை ஒவ்வொன்றாக நகர்த்தி, இருபது பேரைத் தன்னிடம் இழுத்துக்கொண்டு, மற்றவர்களை வயல் வரப்புகளில் சிதறவிட்டார். டிராகன் எதிர்பார்த்தபடியே கூட்டத்தைத்தான் ஊதியது. பாலடின் பிழைத்தார், அந்த இருபதில் ஒருவரும் இல்லை. வரப்பில் கிடந்தவர்கள் அதற்குள் இரண்டு சுற்று அம்பு விட்டிருந்தார்கள்.

ஆட்டம் முடிந்த பிறகும் அவர் அந்த இருபது கொட்டையைப் பையில் போடவில்லை. தாளின் ஓரத்தில் வரிசையாக வைத்துவிட்டு, "இவங்களுக்குப் பேர் இருக்கா?" என்று என்னைக் கேட்டார்.

உங்கள் ராஜா கிளம்பட்டும். மாவு வண்டி முதலில் போகட்டும்.