மருந்துச் சீட்டு போய்ச் சேராத இடம்

அன்புள்ள ஐயா,

குழந்தை மருத்துவத்தில் மேற்படிப்பு படிக்கிறேன். வளர்ச்சிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்காக அரசுக் கொள்கை, சட்டம், குரல் கொடுத்தல் என்று ஒரு மாதப் பயிற்சி வைத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் வார்டில் இருந்தால் இன்னும் சில குழந்தைகளைப் பார்க்கலாமே. இது டாக்டரின் வேலைதானா?

ஒரு மாணவி

அன்புள்ள டாக்டர்,

ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு ‘வாரம் மூன்று முறை பேச்சுப் பயிற்சி’ என்று எழுதிக் கொடுக்கிறீர்கள். பயிற்சியாளரைப் பார்க்கவே பல மாதம் காத்திருக்க வேண்டும். பள்ளியும் சேர்க்க மறுக்கிறது. அடுத்த முறை வரும்போது குழந்தை அப்படியேதான் இருக்கும். நாலாவது அம்மாவும் இதையே சொன்னால், அதை அந்த வீட்டின் போதாத காலம் என்று விட்டுவிட முடியுமா? எங்கோ ஒரு விதி அப்படி இருக்கிறது. நாலு பேரையும் சேர்த்துப் பார்த்தவர் நீங்கள் மட்டும்தான்.

நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் வில்லோபுரூக் என்ற, அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கான அரசுக் காப்பகம் இருந்தது. 4,000 பேருக்கான இடத்தில் 1965-ல் 6,000 பேருக்கு மேல் அடைந்து கிடந்தார்கள். அங்கே வேலை பார்த்த மைக் வில்கின்ஸ் என்ற டாக்டர், பெற்றோரை ஒன்றுசேரச் சொன்னார். அதனால் 1972 தொடக்கத்தில் அவருக்கு வேலை போனது. கையில் இருந்த சாவியைக் கொண்டு ஒரு தொலைக்காட்சி நிருபரை உள்ளே அழைத்துப் போனார். உள்ளே இருந்த அவல நிலையை நாடே பார்த்தது. பெற்றோர் வழக்குப் போட்டார்கள். நிலைமையைச் சீர்படுத்த 1975-ல் நீதிமன்ற உடன்பாடு வந்தது, 1987-ல் காப்பகம் மூடப்பட்டது. அவருக்கு இதை யாரும் வகுப்பில் சொல்லித் தரவில்லை என்றே நினைக்கிறேன். வேலையைப் பறிகொடுத்துத்தான் பேச முடியும் என்ற நிலை உங்களுக்கு வரக்கூடாது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். குரல் கொடுப்பது என்றால் ஒலிபெருக்கியை நாமே பிடித்துக்கொள்வது அல்ல. வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களோடு வேலை செய்யப் போகிறவர்களுக்கான அமெரிக்காவின் ‘லெண்ட்’ (LEND) பயிற்சிகளில் டாக்டர்களும் பேச்சுப் பயிற்சியாளர்களும் உளவியலாளர்களும் சேர்ந்து படிக்கிறார்கள். பெற்றோரும், குறைபாட்டோடு வளர்ந்தவர்களும் அவர்களுக்குப் பாடம் எடுக்கிறார்கள். உங்கள் பயிற்சியில் அப்படி யாரும் இல்லையென்றால், முதல் நாளே கேளுங்கள்.

அப்புறம், பள்ளிக்குக் கடிதம் எழுதப் பழகுங்கள். ‘ஆட்டிசம் உள்ளது’ என்று மட்டும் எழுதினால் அதை வைத்தே சேர்க்க மறுப்பார்கள். இந்தக் குழந்தைக்கு வகுப்பில் என்ன உதவி தேவை, ஏன் தேவை, எந்தச் சட்டப்படி அது அவளுக்கு உரியது என்று எழுதுங்கள். நான் பல வருடம் இதைத் தெரியாமலேயே கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளைகளை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

பயிற்சிக்குப் போய்விட்டு வந்து எழுதுங்கள்.