மாமாவின் 510510

அன்புள்ள ஐயா,

கேரளாவில் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் மாமா லாட்டரிப் பைத்தியம். போன மாதம் அவருக்கு 510510 என்ற சீட்டு கிடைத்தது. ஃபேன்சி நம்பர் என்று சாமி படத்தடியில் வைத்துக் கும்பிட்டார். பத்துப் பைசா விழவில்லை. ஆனாலும் கிழித்துப்போட மனமில்லாமல் பர்சில் வைத்திருக்கிறார். "இந்த நம்பர்ல என்னமோ இருக்குடா" என்கிறார். அப்படி ஏதாவது இருக்கிறதா?

கே.

அன்புள்ள தம்பி,

மாமா சொன்னது சரிதான். என்னமோ இருக்கிறது, பரிசு மட்டும்தான் இல்லை.

ஒரு பேனாவை எடுங்கள். 510510ஐ 7ஆல் வகுத்தால் 72930. அதை 11ஆல் வகுத்தால் 6630. அதையும் 13ஆல் வகுத்தால் 510. சீட்டின் முன்பாதி அப்படியே திரும்பி வந்துவிட்டது! இதற்கு மட்டும் மயங்கிவிடாதீர்கள். எந்த மூன்றிலக்க எண்ணை இரண்டு தடவை சேர்த்து எழுதினாலும் இதே கதைதான். அது 1001ஆல் பெருக்கியதற்குச் சமம். 7, 11, 13 மூன்றையும் பெருக்கினால் 1001.

விசேஷம் மிச்சமிருக்கிற 510இல் இருக்கிறது. அதைப் பிரித்தால் 2, 3, 5, 17. ஆக, 2 முதல் 17 வரையுள்ள ஏழு பகா எண்களும் ஒன்றுவிடாமல், ஆளுக்கு ஒரு தடவை வந்து உட்கார்ந்திருக்கின்றன. ஏழு வெவ்வேறு பகா எண்களால் வகுபடும் எண்களில் இதைவிடச் சின்னது கிடையாது.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. 714ஐ 715ஆல் பெருக்கினாலும் இதே எண்தான். 1974 ஏப்ரலில் அமெரிக்க பேஸ்பால் வீரர் ஹாங்க் ஆரன் தன் 715ஆவது ஹோம் ரன்னை (நம்ம கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்து, முந்தைய சாதனையாளர் பேப் ரூத்தின் 714ஐத் தாண்டினார். ஊரே கொண்டாடிக்கொண்டிருக்க, கார்ல் பொமரன்ஸ் என்ற கணிதக்காரர் அந்த இரண்டு எண்களையும் பிரித்துப் பார்த்தார். 714க்கு 2, 3, 7, 17. 715க்கு 5, 11, 13. ஏழும் பங்கு பிரிந்து நிற்கின்றன. இரண்டு பக்கத்தையும் தனித்தனியே கூட்டினால் ரெண்டுமே 29! இப்படி அமையும் அடுத்தடுத்த எண்களுக்கு ரூத்–ஆரன் ஜோடி என்றே பெயர் விழுந்துவிட்டது.

அப்புறம் குலுக்கல். அந்த எந்திரத்துக்குப் பகா எண்ணும் தெரியாது, பேஸ்பாலும் தெரியாது. 510510 விழ என்ன வாய்ப்போ அதேதான் 483926க்கும். தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரி நின்றபிறகு கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி கேரளாவுக்கு வந்து சீட்டு வாங்கும் எங்கள் பொள்ளாச்சிக்காரர்களும் ஃபேன்சி நம்பர்தான் கேட்கிறார்கள், என்ன செய்ய.

மாமா சீட்டைக் கிழிக்க வேண்டாம். முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது வரும் ஃபிபொனாச்சி வரிசையில் அடுத்தடுத்து வரும் 13, 21, 34, 55 நான்கையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்து, பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். விடையைச் சரிபார்க்க என்னிடம் வர வேண்டியதில்லை, அவர் பர்சிலேயே இருக்கிறது.