389 கன அங்குலத்தில் தொடங்கிய கதை: மசில் கார் கேள்வி பதில்

அமெரிக்க மசில் கார்களைப் பற்றி வந்த கேள்விகளில் பல ஒன்றையே வேறுவேறு விதமாகக் கேட்டிருந்தன. அவற்றைச் சேர்த்து, கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, மசில் கார் என்று எதைச் சொல்வது? ஃபோர்டு மஸ்டாங்கும் அதில் சேருமா?

நடுத்தரக் குடும்பம் கடைக்கும் பள்ளிக்கும் போய்வர வாங்குகிற அளவான வண்டி. அதன் பானெட்டுக்குள், அதே நிறுவனம் தன் பெரிய கார்களுக்காகச் செய்த வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சினை இறக்கினால் அது மசில் கார். விலையும் ஓர் இளைஞனின் சம்பளத்துக்கு எட்ட வேண்டும். இதை நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. அதனால் செவ்ரலேயின் கொர்வெட் இந்தக் கணக்கில் வராது, அது பிறவியிலேயே ஸ்போர்ட்ஸ் கார். மஸ்டாங் 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் அறிமுகமானது. ஃபால்கன் என்ற சிறிய காரின் அடித்தளத்தில் எழுந்தது. அமெரிக்கர்கள் அதற்கு ‘போனி கார்’ என்று தனிப் பெயர் வைத்தார்கள். ஆனால் 1968இல் 428 கன அங்குலம் (சிலிண்டர்களின் மொத்தக் கொள்ளளவு) கொண்ட கோப்ரா ஜெட் எஞ்சின் ஏறிய மஸ்டாங்கை வெளியே நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: முதல் மசில் காரான போன்டியாக் ஜி.டி.ஓ. நிறுவன விதியை மீறிப் பிறந்தது என்கிறார்களே, உண்மையா?

விதியை மீறவில்லை, விதியில் இருந்த சந்து வழியாக நுழைந்தார்கள். 1963 தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் பிரிவுகள் எல்லாம் பந்தயத்தை விட்டு விலக வேண்டும் என்று உத்தரவிட்டது. வேகத்தையே விளம்பரமாக வைத்து வளர்ந்த போன்டியாக்கிற்கு அது பேரிடி. நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் வைக்கக்கூடாது என்ற கட்டுப்பாடும் இருந்தது.

அங்கே தலைமைப் பொறியாளராக இருந்தவர் ஜான் டிலோரியன். அவருடைய குழுவினர் ஒன்றைக் கவனித்தார்கள்: போன்டியாக்கின் நடுத்தர அளவு டெம்பெஸ்ட் காரில் இருந்த 326 எஞ்சினும், பெரிய கார்களில் இருந்த 389 எஞ்சினும் வெளி அளவில் ஒன்றுதான். ஒன்றைக் கழற்றிய இடத்தில் மற்றது அப்படியே உட்காரும். புதிய மாடல் என்றால் மேலிடத்தின் அனுமதி வேண்டும். ஏற்கெனவே இருக்கிற காருக்குக் கூடுதல் வசதி என்றால் வேண்டாம். ஆகவே 1964 டெம்பெஸ்ட் லெமான்ஸில் சுமார் 295 டாலர் கூடுதலாகக் கொடுத்தால் கிடைக்கும் வசதியாக ஜி.டி.ஓ.வை வைத்தார்கள். 5,000 விற்றால் போதும் என்று நினைத்த இடத்தில் 32,450 விற்றது.

அந்த வண்டியின் பானெட்டை ஒருமுறையாவது திறந்து பாருங்கள். ‘ட்ரை பவர்’ வகையாக இருந்தால் மூன்று கார்புரேட்டர்கள் முன்னும் பின்னுமாக வரிசையில் நிற்கும். ஊருக்குள் மெதுவாகப் போகும்போது நடுவில் உள்ளது மட்டுமே வேலை செய்யும். ஆக்சிலரேட்டரை ஆழ மிதித்தால் மற்ற இரண்டும் வாய் திறக்கும்; அதுவரை உறுமிக்கொண்டிருந்த எஞ்சின் அந்தக் கணத்தில் காற்றை வாரி விழுங்கும் சத்தம் தனியாகக் கேட்கும். 348 குதிரைத்திறன் என்று எழுதிவைத்திருந்தார்கள். எனக்கு அந்த எண்ணைவிட அந்தச் சத்தம்தான் பெரிது.

கேள்வி: ‘ஹெமி’ எஞ்சினில் அப்படி என்ன சிறப்பு?

எரிபொருள் எரிகிற அறையின் கூரை அரைக்கோளமாக இருக்கும். ஆங்கிலத்தில் அரைக்கோளத்துக்குரிய சொல்லின் முதல் பாதிதான் ஹெமி. கூரை வளைந்திருப்பதால் வால்வுகளைப் பெரிதாக, எதிரெதிர்ப் பக்கம் சாய்த்து வைக்கலாம். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் தடையில்லாமல் வெளியேறும். ஸ்பார்க் பிளக் ஏறக்குறைய நடுவில் இருப்பதால் தீ சீராகப் பரவும். கிரைஸ்லரின் 426 ஹெமி, 1964 டேட்டோனா 500 பந்தயத்தில் முதல் மூன்று இடங்களையும் அதே நிறுவனத்தின் பிளிமத் கார்களுக்கு வாங்கித் தந்தது. வென்றவர் ரிச்சர்ட் பெட்டி. 1966இல் அதைச் சாலைக் கார்களுக்கும் கொடுத்தார்கள், 1971 வரை.

குறையும் சொல்ல வேண்டும். கனமான எஞ்சின், செல்லப் பெயரே யானை. மூக்குப்பக்கம் எடை கூடியதால் வளைவுகளில் வண்டி அடங்காது. வாங்கும் விலையும் மிக அதிகம் என்பதால் அன்றைக்கு வாங்கியவர்கள் கொஞ்சம் பேர்தான். இன்று அவை லட்சக்கணக்கான டாலருக்கு ஏலம் போவதற்குக் காரணமும் அந்தக் குறைந்த எண்ணிக்கையே.

கேள்வி: பின்னால் உயரமான இறக்கை வைத்த கார் எது?

1969 டாட்ஜ் சார்ஜர் டேட்டோனா, 1970 பிளிமத் சூப்பர்பேர்ட் இரண்டும். அமெரிக்காவின் நாஸ்கார் கார்ப் பந்தயத்துக்காகவே செய்தவை. குறிப்பிட்ட எண்ணிக்கையில் பொதுமக்களுக்கும் விற்றாக வேண்டும் என்ற விதியால்தான் கடைக்கு வந்தன. 1970 மார்ச் 24 அன்று டல்லடேகா ஓடுதளத்தில் பட்டி பேக்கர் ஒரு டேட்டோனாவை மணிக்கு 200 மைலுக்கு மேல் ஓட்டினார். சுற்றுப்பாதை ஓடுதளத்தில் அந்த வகைக் கார் 200ஐத் தொட்டது அதுவே முதல் முறை.

கேள்வி: அண்ணா, 1971 செவ்ரலே செவெல் காரின் 454 எஞ்சினில் 365 குதிரைத்திறன், 1972இல் 270 என்று பார்த்தேன். ஒரே வருடத்தில் எஞ்சின் இவ்வளவு பலம் இழந்ததா?

நல்ல கேள்வி தம்பி, பலர் தடுக்கி விழும் இடம் இது. பழைய அளவு முறையில் எஞ்சினைத் தனியே மேடையில் பூட்டி, ஏர் ஃபில்டர், ஆல்டர்னேட்டர், சைலன்சர் எதுவும் இல்லாமல் அளப்பார்கள். 1972 முதல், காரில் எப்படி இருக்குமோ அப்படியே எல்லாவற்றையும் மாட்டி அளந்தார்கள். 1971இல் ஜெனரல் மோட்டார்ஸ் இரண்டு எண்களையும் வெளியிட்டது: அதே எஞ்சின் பழைய முறையில் 365, புதிய முறையில் 285. ஆக, உண்மையான இழப்பு 15 மட்டுமே.

பெரிய அடி அதற்கு முந்தைய வருடமே விழுந்துவிட்டது. ஈயம் குறைந்த பெட்ரோலில் ஓட வேண்டும் என்பதற்காக 1971இல் அழுத்த விகிதத்தை (சிலிண்டருக்குள் எரிபொருள் கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்ற கணக்கு) 8.5 அளவுக்கு இறக்கினார்கள். 1970இல் 450 குதிரைத்திறன் தந்த, எல்எஸ்6 என்ற 454 எஞ்சின் வகை ஏறிய செவெலில் அது 11.25. பிறகு இளைஞர்களுக்குக் காப்பீட்டுக் கட்டணம் தாங்க முடியாத அளவுக்கு ஏறியது, புகைக் கட்டுப்பாடுகள் இறுகின, 1973 அக்டோபரில் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடையும் வந்தது.

கேள்வி: அமெரிக்காவில் வேலை பார்க்கிறேன். ஒன்று வாங்க ஆசை. போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் வண்டியின் அடையாள எண்ணைப் படியுங்கள். 1970, 1971 கிரைஸ்லர் வண்டிகளில் ஐந்தாவது எழுத்து ‘ஆர்’ என்றால் பிறப்பிலேயே 426 ஹெமி. 1966 முதல் 1971 வரையிலான ஜி.டி.ஓ. என்றால் எண் 242 என்று தொடங்க வேண்டும். ஆனால் 1970 செவெலில் எஸ்எஸ் (சூப்பர் ஸ்போர்ட்) என்பது ஒரு கூடுதல் வசதி மட்டுமே. அடையாள எண் எதையும் காட்டிக்கொடுக்காது. போலிகள் அங்கேதான் அதிகம்.

ஒரு முறை எல்எஸ்6 என்று சொல்லப்பட்ட செவெல் ஒன்றைப் பார்க்கப் போனேன். பெயின்ட் கண்ணாடி போல இருந்தது, விற்பவரும் அன்பாகப் பேசினார். எஞ்சின் பிளாக்கின் முன்பக்கம், எண் பொறித்த சிறிய திண்டில் இருந்த கிரீஸைத் துணியால் துடைத்து டார்ச் அடித்தேன். தொழிற்சாலையில் இழைத்த பரப்பில் மெல்லிய இணைகோடுகள் வரிவரியாக ஓட வேண்டும். அதில் ஒரு கோடுகூட இல்லை, வழவழவென்று இருந்தது. யாரோ பழைய எண்ணைத் தேய்த்து எடுத்துவிட்டுப் புதிதாக அடித்திருக்கிறார்கள். நன்றி சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

பின்னிருக்கையைத் தூக்கி ஸ்பிரிங்குகளுக்கு நடுவிலும் பாருங்கள். தொழிற்சாலையில் வண்டியோடு போன தாள் சில சமயம் மடித்தபடி அங்கேயே கிடக்கும். அது கிடைத்தால் நல்ல சாட்சி.

கேள்வி: தினமும் ஓட்ட முடியுமா?

ஓட்டலாம், பிரேக்கை நம்பாமல். பெரும்பாலானவற்றில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை ஓங்கி மிதித்தால் சூடேறிப் பிடிப்பு தளர்ந்துவிடும். முன்சக்கரத்துக்காவது டிஸ்க் மாற்றிக்கொள்ளுங்கள். அசல் கெடும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

கேள்வி: உங்களுக்கு ஒன்றே ஒன்று கொடுத்தால் எதை எடுப்பீர்கள்?

1968 பிளிமத் ரோட் ரன்னர், 383 எஞ்சினோடு. தயங்கவே மாட்டேன். ஜி.டி.ஓ. மாதிரி வண்டிகளில் வருடா வருடம் அலங்காரமும் விலையும் ஏறிக்கொண்டே போனபோது, பிளிமத்காரர்கள் எல்லாவற்றையும் உரித்துப் போட்டார்கள். முன்னால் ஒரே நீள இருக்கை, தரையில் கம்பளத்துக்குப் பதில் ரப்பர் விரிப்பு. காசை எஞ்சினில் போட்டார்கள்: 440 எஞ்சினின் சிலிண்டர் தலைகளையும், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டையும் 383இல் பொருத்தி 335 குதிரைத்திறன் எடுத்தார்கள். தொடக்க விலை 2,896 டாலர். ஆடம்பரம் என்று ஒன்றே ஒன்றுக்குத்தான் செலவு செய்தார்கள். பெயரையும் பறவைப் படத்தையும் பயன்படுத்த வார்னர் பிரதர்ஸுக்கு 50,000 டாலர் கொடுத்து, கார்ட்டூனில் அந்தப் பறவை கத்துவது போலவே ‘பீப் பீப்’ என்று ஒலிக்கும் ஹாரனையும் வைத்தார்கள்.